எண்பத்திரண்டு வயசு மூளை

27 ஜூலை 1961, வியாழன்

ஆடிக் காற்று. காவிரிப் பாலத்தில் சைக்கிள் நகரவில்லை. இறங்கித் தள்ளினேன். கண் நிறைய மண். ஆற்றில் புதுத் தண்ணீர், செம்மண் நிறம். லாபுக்குப் பத்து நிமிஷம் லேட். பெரிய டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். (இனி பெ.டா. முழுசாக எழுதவே எரிச்சல்.) அவர் தினம் முக்கால் மணி லேட், அவரைப் பார்க்கக் கடிகாரம் இல்லை.

இன்றைய வேலை:
சளி ஸ்லைடு பதினொன்று.
சாயத்துக்கான வெள்ளி உப்பு பாட்டில் அடி தட்டுகிறது. ஸ்டோருக்கு எழுதி ஒன்றரை மாசம். குமாஸ்தா "வந்துடும் வந்துடும்" என்கிறான். வராது.
போஸ்ட்மார்ட்டம் அறையிலிருந்து ஒரு மூளை. ஆண், 82, தொட்டியம். நகத்தளவு நாலு துண்டு வெட்டி மருந்தில் போட்டேன். மிச்சத்தை உடம்போடு வைத்துத் தைத்துக் கொடுத்துவிட்டார்கள். ரிஜிஸ்டரில் வழக்கம்போல் எழுதியாயிற்று.

ரிஜிஸ்டரை மூடிய பிறகுதான் பெயர் உறைத்தது. பெரியண்ணன். செவ்வாய்க்கிழமை வார்டில் ரத்தம் எடுத்தேனே, அந்தக் கிழவர்.

வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த மாட்டுவண்டி. பின்னாலிருந்து லாரி மோதிவிட்டது. ஓட்டியவர் மருமகன், கை முறிவோடு தப்பினார். இவருக்கு இடுப்பும் விலாவும் போயிற்று. தலையில் ஒரு கீறல் இல்லை. விரலில் ஊசி குத்தினபோது சொன்னார்: "தம்பி, நேத்து வந்து குத்தினது நீ இல்ல. அவரு எடது கைக்காரரு." உண்மை. முந்தின நாள் வந்தவன் இடது கைக்காரன்தான். எனக்கே அது தெரிய ஒரு வருஷம் ஆயிற்று.

நான் அங்கே இருக்கும்போதே மாஜிஸ்திரேட் வந்து மரண வாக்குமூலம் எழுதிக்கொண்டார். அடுத்த கட்டில் ஆளுக்கு ரத்தம் எடுப்பது போல நின்று கேட்டேன். கிழவர் திருத்தம் சொன்னார், மாஜிஸ்திரேட்டுக்கே. "ரோடுன்னு மட்டும் எழுதாதீங்கய்யா. ரோட்டுக்கு எடது ஓரம்னு எழுதுங்க. வண்டிக்கு அடியில லாந்தர் எரிஞ்சுது. எண்ணெய் ஊத்தினது எம் மக. திரி கிள்ளி ஏத்தினது நானு." புதன் காலை போய்விட்டார்.

வீட்டுக்கு வழியில் அம்மா மண்டபத்தில் குளியல். போஸ்ட்மார்ட்டம் சாமானைத் தொட்ட நாளில் குளிக்காமல் போனால் கோமளம் வாசல் தாண்ட விடமாட்டாள். படியில் வழுக்கினேன். முழங்காலில் காயம்.

29, சனி

காற்று குறைவு. புழுக்கம். முழங்கால் வீக்கம்.

வார்டில் பேசின மனுஷராச்சே என்று கிழவர் மூளையில் இரண்டு துண்டுக்கு வெள்ளிச் சாயம் போட்டேன். ஒரே தடவையில் ஏறிவிட்டது. வருஷத்தில் இரண்டு முறை இப்படி அமைந்தால் அதிகம். மைக்ரோகிளியா கறுப்பாக, துல்லியமாக நின்றது. உடம்பில் ரத்தத்தின் வெள்ளணு என்ன செய்கிறதோ அதை மூளைக்குள் செய்கிற குட்டிச் செல்கள் இவை. கிருமி வந்தால், ஏதாவது செத்தால், விழுங்கிச் சுத்தம் செய்யும். நான் காவல்காரர்கள் என்பேன். பதினாலு வருஷமாகப் பார்க்கிறேன். நோய் வந்த மூளையில் கைகளையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு, உருண்டு, தின்று பெருத்துக் கிடக்கும். நல்ல மூளையில் கை விரித்து, முருங்கைக்கீரை ஈர்க்கு மாதிரி மெல்லிசாக, ஒன்றுக்கொன்று இடம் விட்டு நிற்கும்.

கிழவருடையது கை விரித்து நிற்கிறது. கை கொஞ்சம் தடிப்பு. அங்கங்கே இரண்டு பேர் சேர்ந்து நிற்கிறார்கள். வயசு. அவ்வளவுதான். உருண்டது ஒன்று இல்லை. வயசானவர்கள், ஆனால் டியூட்டியில் இருக்கிறார்கள்.

ஸ்லைடை பெ.டா. மேஜையில் வைத்தேன். பார்த்தாரா தெரியாது. மத்தியானமே ரிப்போர்ட் டைப் ஆகி, கையெழுத்தாகி, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டதாம். என்ன எழுதினார் என்று என்னிடம் யார் சொல்லப்போகிறார்கள்.

பாட்டில் கழுவுகிற பாக்கியம் ஒரு பீக்கரை உடைத்தாள். திட்டினேன்.

31, திங்கள்

இன்றைக்குப் பேனா தாளைக் கிழிக்கிறது. கோபம்.

காலையில் லாப் வாசலில் ஒரு பெண், நாற்பது வயசிருக்கும். அஞ்சலை. பெரியண்ணனின் மகள். கை முறிந்த மருமகன் இவள் புருஷன். லாரிக்காரர்கள் சொல்கிறார்களாம், வண்டியில் விளக்கு இல்லை, ஓட்டியவன் தூங்கிவிட்டான், சாவுக்கு அவன்தான் காரணம் என்று. போலீஸ் அவன் மேல்தான் கேஸ் போட்டிருக்கிறது. வண்டியில் இருந்தது இரண்டே பேர். ஒருவர் செத்துவிட்டார். மிச்சம் கிழவர் சொல்லி எழுதிய அந்தத் தாள்.

"அந்தத் தாளும் செல்லாதுன்னு வக்கீல் சொல்றாருங்க. அப்பாவுக்கு மூளை கெட்டுப் போயிருந்துச்சுன்னு இங்கேருந்து எழுதிக் குடுத்துட்டாங்களாம். பொட்டி மாதிரி புத்திங்க சாமி எங்கப்பாவுக்கு. எந்தத் தார் எந்தக் கட்டையில வெட்டினதுன்னு சொல்லுவாரு. அவரையா பைத்தியம்ங்கறீங்க?"

நான் இல்லை அம்மா, டாக்டர் என்றேன். அப்படித்தான் சொன்னேன்.

உள்ளே போய்க் கார்பன் காப்பியை எடுத்தேன். ஒரே வரி: "முதுமை மூளை. சிதைவு." அவ்வளவுதான். நாலு துண்டு வெட்டி, இரண்டு நாள் ஊறவைத்து, கிடைக்காத வெள்ளியைக் கொட்டி நான் போட்ட ஸ்லைடுக்கு ஒரு சொல் இல்லை.

நேரே பெ.டா. அறைக்கு. கதவைத் தட்டினேனா, நினைவில்லை.

"ஸ்லைடைப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன், பாத்தேன். மைக்ரோகிளியா நிறைய இருக்கே. அதுதானே சிதைவுக்கு அடையாளம்?"

"அது எல்லா மூளையிலயும் இருக்கு சார். நல்ல மூளையிலயும். நிக்கற நிலைதான் வேற."

"வரதன், குப்பை இல்லாத இடத்துக்குக் குப்பை அள்றவன் ஏன் வரான்? வயசு என்ன? எண்பத்திரண்டு. இதுல என்ன ஆராய்ச்சி."

"போலீஸ் நிக்கற தெருவெல்லாம் திருட்டுத் தெருவா சார்? ஏகாதசிக்கு எங்க ஊர் நிறையப் போலீஸ் நிக்கறான்."

முகம் சிவந்துவிட்டது. எனக்கும்தான். டெக்னீஷியன் டெக்னீஷியனாக இருக்க வேண்டும் என்றார். பிறகு என்ன நினைத்தாரோ: "சரி. நல்ல மூளையிலயும் இருக்குன்னு காட்டுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள. பத்தாம் தேதி கேஸ். அப்புறம் என்கிட்ட வராதீங்க."

காட்டுகிறேன். கொள்ளிடத்தில் முழுகிச் செத்த வாலிபனுடைய துண்டு போன மாசத்து ஜாடியில் இருக்கிறது. 26 வயசு, பயில்வான் உடம்பு. அவனுடையதையும் கிழவருடையதையும் ஒரே நாள், ஒரே சாயம், ஒரே தண்ணீரில் போட்டுப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும்.

சாப்பாடு இறங்கவில்லை. "சாத்தமுதுல உப்பு இல்லையா?" என்றாள் கோமளம். இருந்ததா இல்லையா, தெரியவில்லை.

1 ஆகஸ்ட், செவ்வாய்

மேகம். தூறல் நாலு சொட்டு.

நாள் முழுக்கத் தயாரிப்பு. கண்ணாடிச் சாமான் அத்தனையும் அமிலத்தில் கழுவினேன். வாலையில் காய்ச்சி வடித்த தண்ணீர் பெரிய ஜாடி நிறைய. இந்தச் சாயத்துக்குத் துளி உப்புப் பட்டாலும் போச்சு; வெள்ளியோடு சேர்ந்து பால் மாதிரி வெளுத்துவிடும். அதனால் அந்த ஜாடியை யாரையும் தொட விடுவதில்லை. இன்றைக்கும் பாக்கியத்திடம் சொன்னேன்: "தொடாதே, கிட்டேயே வராதே."

வெள்ளி உப்பு இரண்டு தடவைக்கு வரும். கிழவர் துண்டு மிச்சம் இரண்டு.

நாளைக்குப் பதினெட்டாம் பெருக்கு. லீவு போடச் சொல்கிறாள் கோமளம். முடியாது என்றேன். "வருஷம் பூரா செத்தவாளோட இருங்கோ. நாளும் கிழமையுமாவது மனுஷாளோட இருக்கப்படாதா?" பதில் சொல்லவில்லை. சொன்னால் சண்டை. சொல்லாமலும் சண்டைதான் வந்தது.

2, புதன். பதினெட்டாம் பெருக்கு

அம்மா மண்டபத்தில் எள் போட்டால் எள் விழாது. மஞ்சள் சரடு, காதோலை கருகமணி, ஊர்ப் பெண்டுகள் எல்லாரும் ஆற்றங்கரையில். நான் மட்டும் எதிர்த்திசையில் சைக்கிள்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தேன். துண்டுகளை உறையவைத்து, மெல்லிசாகச் சீவி, வாலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெள்ளியில் இறக்கினேன்.

பால். மொத்தமும் பால்.

முதலில் என் கை என்றே நினைத்தேன். பீக்கரா, உப்பா, அமிலம் சரியாகக் கழுவவில்லையா? பிறகு ஜாடித் தண்ணீரை ஒரு குழாயில் எடுத்து வெள்ளி ஒரு சொட்டு விட்டேன். வெளுத்தது. ஜாடியேதான்.

கத்தினேன். பாக்கியம் துடைப்பத்தோடு ஓடி வந்தாள். புதுச் சேலை, கழுத்தில் மஞ்சள் சரடு.

"ஜாடியைத் தொட்டியா?"

"தொடலைங்க சாமி. மேலாலதான் ஊத்தினேன்."

"என்னத்தை?"

"காவேரித் தண்ணிங்க. விடிய வெள்ளன போயி எடுத்தாந்தேன். பெருக்கு நாளுங்களே. ஒரு சொம்புதான். எல்லாம் பெருகட்டும்னு."

ஆற்றுத் தண்ணீரில் உப்பு இல்லாமல் இருக்குமா. என்னென்ன சொன்னேன் என்று எழுத விருப்பமில்லை. அவளும் ஒரு மனுஷி. பதினொரு வருஷமாக என் பாட்டில் கழுவுகிறவள். அழுதுகொண்டே சொன்னாள்: "அது சாமியோட மடித் தண்ணின்னுல்ல நான் நெனச்சுக்கிட்டு இருக்கேன். ஐயங்காரு தொடாதே தொடாதேன்னு சொன்னா வேற என்னன்னு நெனப்பேன்? ரெண்டு நாளா முகத்த முகத்த தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க. மடித் தண்ணியில தீர்த்தம் சேந்தா நல்லதுதானேன்னு..."

பதினொரு வருஷம். ஜாடியில் என்ன இருக்கிறது, ஏன் தொடக் கூடாது என்று ஒரு நாள் சொல்லியிருப்பேனா? இல்லை. தொடாதே என்பதோடு சரி. அவள் அதை மடி என்று எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்துக்கொள்ள மாட்டாள்? பிராமணன் வேறு எதற்குத் தொடாதே என்கிறான்!

அதற்காகக் கோபம் போய்விட்டதா? போகவில்லை. துண்டு ஒன்று வீண். வெள்ளி பாதி வீண். மிச்சம் ஒரே துண்டு, ஒரே தடவை.

ஜாடியைக் கவிழ்த்தேன். வாலையை மறுபடி ஏற்றினேன். சொட்டு, சொட்டு, சொட்டு. வீட்டில் புளியோதரை, எலுமிச்சை, தேங்காய், தத்தியோன்னம், நாலும் ஆறிப் போய் இருந்தது. ஆறினதையே தின்றேன்.

3, வியாழன்

வெயில். தண்ணீர் சேர்ந்தது. மத்தியானம் சாயம் போட்டேன். மூச்சை அடக்கிக்கொண்டு. வெள்ளி தெளிவாக நின்றது. ரங்கநாதா.

ஆறு ஸ்லைடு. கிழவர் மூன்று, வாலிபன் மூன்று. நன்றாகவே ஏறியிருக்கிறது.

பாக்கியத்தைக் கூப்பிட்டேன். பயந்துகொண்டே வந்தாள். தண்ணீர் என்ன, உப்பு என்ன, வெள்ளி என்ன, எல்லாம் சொன்னேன். கால் மணி கூட ஆகவில்லை. பதினொரு வருஷம் மிச்சம் பிடித்த கால் மணி. கிழவர் ஸ்லைடை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு பார்த்தாள்.

"இந்த கறுப்புக் கறுப்பா நிக்கறதா சாமி?"

"அதுதான்."

"நடவு நட்ட மாதிரி தள்ளித் தள்ளி நிக்குது." கண்ணை எடுக்கவே இல்லை. "பொழுதன்னைக்கும் இப்படியே நிக்குமா, ஒண்ணும் வராட்டாலும்?"

நிற்கும் என்றேன். பெ.டா. கேட்கவேண்டிய கேள்வி.

4, வெள்ளி

பெ.டா. என்னை நம்பமாட்டார், நான் அவரை நம்பமாட்டேன். அதனால் இப்படிச் செய்தேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் பெயர்ச் சீட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டினேன். பாக்கியத்திடம் கொடுத்து, நான் திரும்பி நிற்க, கலைக்கச் சொன்னேன். அவள் கலைத்த வரிசையில் ஒன்று முதல் ஆறு. எது யாருடையது என்று எனக்கே தெரியாது.

"சார், மூணு கிழவர், மூணு வாலிபன். சிதைஞ்ச மூளை எதுன்னு எடுத்துடுங்க. எடுத்துட்டா நான் வாயைத் திறக்கமாட்டேன்."

சிரித்தார். மைக்ராஸ்கோப்பை இழுத்துக்கொண்டார். ஐந்து நிமிஷம் என்று நினைத்தேன். முக்கால் மணி ஆயிற்று. நடுவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், இரண்டு முறை. கடைசியில் இரண்டு, மூன்று, ஆறை எடுத்துத் தனியாக வைத்தார். "இதுதான் உங்க தொட்டியத்துக்காரர். செல் எவ்வளவு கறுப்பா நிக்குது பாருங்க."

நான் தொடவில்லை. பிளாஸ்திரியை அவரையே உரிக்கச் சொன்னேன்.

இரண்டு: வாலிபன். மூன்று: கிழவர். ஆறு: வாலிபன்.

மூன்றில் இரண்டு, கொள்ளிடத்தில் குதித்து நீந்திய இருபத்தாறு வயசு மூளை. எனக்குக் கை தட்டத் தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. தட்டவில்லை. "இவன் புத்தியும் சிதைஞ்சதுதானா சார்?" என்று மட்டும் கேட்டேன். அது போதும் என்று நினைத்தேன்.

பெ.டா. ஸ்லைடையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபிக்கவில்லை. குரல் தாழ்ந்து வந்தது.

"நீங்க சொன்னது சரி. ஆனா ஒண்ணு. அந்த வரியை நான் எழுதல வரதன்."

"கையெழுத்து உங்களது சார்."

"கையெழுத்து என்னது. வரி ரிஜிஸ்டர்லேருந்து டைப் ஆச்சு. ஸ்லைடை நான் பாக்கவே இல்ல. நீங்க வந்து கத்தினப்ப விட்டுக் குடுக்க மனசு வரல, மைக்ரோகிளியான்னு ஒண்ணு சொன்னேன். பதினாலு வருஷமா உங்க ரிஜிஸ்டரை நம்பித்தான் கையெழுத்துப் போடறேன். போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தேன். 27 ஜூலை. பெயர், வயசு, ஊர். அடுத்த கட்டம், "தோற்றம்." அதில், என் கையெழுத்தில், என் பேனா மசியில்: முதுமை மூளை. சிதைவு.

துண்டு வெட்டும் முன்னால் எழுதியது. எழுபதுக்கு மேல் என்றால் அதைத்தான் எழுதுவேன். எனக்கு முன்னால் இருந்தவர் அப்படி எழுதினார். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார். வயசுக் கட்டத்தைப் பார்ப்பேன், கை தானாக அடுத்த கட்டத்துக்குப் போகும். அதை ஒரு சேதி என்றே நான் நினைத்ததில்லை. கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். முன் பக்கங்களைப் புரட்டினேன். முதுமை மூளை, சிதைவு. முதுமை மூளை, சிதைவு. எல்லாம் என் கை.

திங்கட்கிழமை வாசலில் அஞ்சலையிடம் நான் இல்லை அம்மா என்றவன் நான்.

5, சனி

தூக்கம் இல்லை. காலையில் மழை. ஷூ நனைந்தது. 

பெ.டா. புது ரிப்போர்ட் தரச் சம்மதம். ஸ்லைடைப் பார்த்துத் தானே எழுதுவார். ஆனால் ரிஜிஸ்டர் ஒன்று, ரிப்போர்ட் ஒன்று என்றால் லாரி வக்கீல் கிழித்துவிடுவான். ரிஜிஸ்டரில் அடித்துத் திருத்தி, ஏன் என்று எழுதி, யார் எழுதினாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். கோர்ட்டில் வந்தும் சொல்ல வேண்டும்.

"யோசிச்சுக்கோங்க. பார்க்காம எழுதினேன்னு சொன்னா அதோட நிக்காது. எனக்கும்தான் நிக்காது" என்றார். மூடியிருந்த பேனாவை மறுபடி மூடினார். பாவம் என்று தோன்றியது. உடனே எரிச்சலும் வந்தது. பார்க்காமல் எழுதினவனும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டவனும் ஒருத்தரை ஒருத்தர் பாவம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். நல்ல ஜோடி.

கோமளத்திடம் சொன்னேன். "ரிடையர் ஆக இன்னும் ஆறு வருஷம் இருக்கு. ஊர்ல இருக்கறவா எல்லாரும் பாத்துப் பாத்தா எழுதறா?" கத்தினேன். அவள் சொன்னது தப்பு என்று கத்தவில்லை. என் மனசில் இருந்ததை அவள் வாயால் கேட்டதும் கத்தினேன்.

7, திங்கள்

எழுதிவிட்டேன். சிவப்பு மசியில் கோடு. பக்கத்தில்: "மேற்படி வரி மூளையைப் பரிசோதிக்கும் முன், வயதை மட்டும் கொண்டு என்னால் எழுதப்பட்டது. தவறு." கையெழுத்து, தேதி. மூன்று முறை ஒத்திகை பார்த்து எழுதியும் கடைசிச் சொல் கோணல்.

பெ.டா.வின் புது ரிப்போர்ட்: வயதுக்கேற்ற மூளை, நோய்க்குறி இல்லை, மைக்ரோகிளியா இயல்பான நிலை. ஸ்லைடு புத்தியைக் காட்டாது. நோய் இருந்ததற்கு அடையாளம் இல்லை என்று மட்டுமே சொல்லும் என்றும் சேர்த்திருந்தார். நியாயம். மூன்று மணி நேரம் பார்த்தார் இந்த முறை.

அஞ்சலை வந்தாள். அவளிடம் சொல்லத்தான் ரொம்பக் கஷ்டம். "அன்னிக்கு டாக்டர்னு சொன்னேன். நான்தான் அம்மா எழுதினேன். பாக்காமலே எழுதினேன்."

வைவாள் என்று நின்றேன். "அப்பாகிட்ட பேசினீங்களேய்யா. வார்டுல. கட்டிலுக்குக் கீழ நான் உக்காந்திருந்தேன், எடதுகைக்காரருன்னு அவரு சொன்னதுக்கு நீங்கதானே சிரிச்சீங்க. பேசிட்டுமா அப்படி எழுதுனீங்க?"

வைதிருக்கலாம்.

10, வியாழன்

கோர்ட். வெயில் கொளுத்தியது. கோட்டுப் போட்டுக்கொண்டு போனது முட்டாள்தனம்.

லாரி வக்கீல் ஒல்லி மனுஷர், மூக்குப்பொடி. ரிஜிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"பார்க்காமல் எழுதினீர்?"

"ஆமாம்."

"இது ஒன்று மட்டும்தானா?"

பொய் சொல்லலாம். ஒரே ஒரு சொல். அஞ்சலையின் புருஷன் கட்டுப் போட்ட கையோடு எதிரே நின்றுகொண்டிருந்தான்.

"இல்லை. எழுபதுக்கு மேல் எல்லாருக்கும் அதையே எழுதினேன்."

கோர்ட்டில் சிரிப்பு. மாஜிஸ்திரேட்டும் சிரித்தமாதிரி இருந்தது. வக்கீல், "அப்படிப்பட்டவர் இன்று சொல்வதை மட்டும் எப்படி நம்புவது?" என்று உட்கார்ந்துவிட்டார். பதிலுக்கு பெ.டா. கூண்டேறினார். ஆறு ஸ்லைடையும், தான் தப்பாக எடுத்ததையும் சொன்னார், ஒன்று விடாமல். அந்த மனுஷனிடம் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. பிற்பகல் உத்தரவு: பெரியண்ணன் வாக்குமூலத்தை ஏற்றுக்கொள்கிறோம், லாரி ஓட்டியவனை விசாரிக்க வேண்டும். மருமகன் வெளியே வந்து படியில் உட்கார்ந்து அழுதான். அஞ்சலை அழவில்லை. என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். கும்பிடவில்லை. நல்லவேளை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. மரத்தடியில் சைக்கிளை எடுக்கப் போனேன். கூண்டுக்குப் பேர் கூப்பிடுகிற கோர்ட்டு டவாலி பின்னாலேயே வந்தார். ஐம்பது வயசு, மணப்பாறைக்காரராம். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஐயா, எங்கம்மா உங்க ஆஸ்பத்திரியிலதான் செத்தாங்க. நாலு வருஷம் ஆச்சு. கெணத்துல விழுந்து, அப்புறம் மூணு நாள் இருந்தாங்க. மூணு நாளும் எதையோ சொல்லிக்கிட்டே இருந்தாங்க. புத்தி கலங்கிப் பேசுறாங்கன்னு நான் காதுல வாங்கலை. அப்புறம் உங்க ரிப்போர்ட்டு வந்துச்சு, மூளை சிதைஞ்சு போச்சுன்னு. சரி, நாம பண்ணினது தப்பில்லன்னு மனசைத் தேத்திக்கிட்டேன்." தலைப்பாகையை மறு கைக்கு மாற்றினார். "அதுவும் நீங்க பாக்காம எழுதினதுதானாய்யா?"

வயசு கேட்டேன். எழுபத்திநாலு என்றார். 

ரிஜிஸ்டரைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். நாளை மத்தியானம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

11, வெள்ளி

காற்று. லாபில் என் மேஜை மேல் விளக்கம் கேட்டு ஆர்டர், மேலிடத்திலிருந்து. ஒரு வாரத்தில் பதில் வேண்டுமாம்.

வெள்ளி உப்பு வந்துவிட்டது. இன்றைக்குப் பார்த்து.

பழைய ரிஜிஸ்டர் எடுத்தேன். பக்கம் கிடைத்தது. பெண், 74, மணப்பாறை. அடுத்த கட்டத்தில் அதே வரி, அழகான கையெழுத்து, கோணல் இல்லாமல். ஜாடியைத் தேடினேன். பாக்கியமும் தேடினாள், அலமாரிக்கு அடியில் எல்லாம். இரண்டு வருஷத்துக்கு மேல் வைப்பதில்லை. ஸ்லைடும் இல்லை. எழுபதுக்கு மேல் என்பதால் அன்றைக்கு ஸ்லைடே போடவில்லை.

மணி பன்னிரண்டேகால். டவாலி வந்து வாசலில் நிற்கிறார். பாக்கியம் உள்ளே வந்து சொல்கிறாள், "உங்களத்தான் பாக்கணும்ங்கறாரு சாமி."